எண்ணைத் தட்டினாலும் பைத்தானுக்கு அது எழுத்துதான்

ஆசிரியருக்கு வணக்கம்.

உங்கள் மாணவர் பக்கத்தில் வரும் பைத்தான் நிரல்மொழிப் பாடத்தை விடாமல் படிக்கிறேன், தமிழில் இப்படி ஒன்று வருவதே பெரிய சந்தோஷம். ஆனால் நாம் தட்டுவதை நிரலுக்குள் வாங்கும் இன்புட் கட்டளை பற்றிய பகுதியை ரொம்ப அவசரமாக முடித்துவிட்டீர்கள். இன்புட்டைச் சுற்றி இன்ட் (முழு எண்ணாக மாற்றும் கட்டளை) போடுங்கள் என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனால், எதற்கு என்றே தெரியாமல் பிள்ளைகள் அதை மந்திரம் மாதிரி எல்லா இடத்திலும் போட ஆரம்பித்துவிடுவார்கள்.

பைத்தான் 3-இல் இன்புட் எப்போதுமே ஸ்ட்ரிங்கைத்தான், அதாவது எழுத்துகளின் வரிசையைத்தான் தரும். 5 என்று தட்டினாலும் நிரலுக்குக் கிடைப்பது எழுத்து, எண் இல்லை. அதனுடன் 3 என்ற எண்ணைக் கூட்டப் பார்த்தால் வகை பொருந்தவில்லை என்ற டைப்எரர் பிழை வந்து நிரல் நின்றுவிடும், சரி, தப்பு உடனே தெரிந்துவிடுகிறது. அதையே 3-ஆல் பெருக்கினால் 15-க்குப் பதில் 555 வரும், ஒரு எச்சரிக்கையும் இருக்காது. இப்படி வந்த 10-ஐயும் 9-ஐயும் ஒப்பிட்டால் 9தான் பெரியது என்று சொல்லும், ஏனென்றால் முதல் எழுத்திலிருந்து ஒப்பிடுகிறது, 1-க்குப் பின்னால்தான் 9 வருகிறது. புதிதாகக் கற்பவர் இதைத் தன் கணக்கில் உள்ள தப்பு என்று நினைத்து மணிக்கணக்கில் தேடுவார். பிழைச் செய்தி வராத இந்த இடங்களைத்தான் நீங்கள் முதலில் காட்ட வேண்டும்.

இன்ட் போட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்பதும் இல்லை. 12.5 என்று தட்டினால் வேல்யூஎரர் (மதிப்பு சரியில்லை என்ற பிழை) வரும், அங்கே தசம எண்ணாக மாற்றும் ஃப்ளோட் வேண்டும். 1,000 என்று கமாவோடு தட்டினால் ஃப்ளோட்டும் கைவிரித்துவிடும். (தமிழ் இலக்கத்தில் ௧௨ என்று தட்டினால் இன்ட் அதை ஒழுங்காக 12 ஆக்கிவிடுகிறது, இதைக் கட்டாயம் பாடத்தில் சேருங்கள், பிள்ளைகள் ரொம்ப ரசிப்பார்கள்.) தொலைபேசி எண்ணை இன்ட் ஆக்கவே கூடாது, முன்னால் இருக்கும் பூஜ்யம் போய்விடும், எப்படியும் அதை யாரும் கூட்டிக் கழிக்கப் போவதில்லை.

பழைய பைத்தான் 2 பாடங்கள் இணையத்தில் இன்னும் நிறையக் கிடக்கின்றன. பைத்தான் 2-இல் இன்புட், தட்டியதை நிரல் வரியாகவே எடுத்து இயக்கும், அதனால் 5 எண்ணாகவே வரும். அதற்கான ஆதரவு 2020 ஜனவரி 1-ஆம் தேதியோடு முடிந்துவிட்டது என்று ஒரு வரி எழுதினாலே பல பேர் குழம்பாமல் இருப்பார்கள்.

அடுத்த பாடத்தில் வொய்ல் (திரும்பத் திரும்பச் செய்வது), ட்ரை (முயன்று பார்ப்பது), எக்ஸெப்ட் (பிழை வந்தால் பிடிப்பது) மூன்றையும் சேர்த்து, சரியான எண் வரும்வரை திரும்பத் திரும்பக் கேட்கும் நிரலைச் சொல்லிக்கொடுங்கள். அதில் வேல்யூஎரர் என்று பெயர் சொல்லியே பிடிக்கட்டும். வெறும் எக்ஸெப்ட் போட்டால், நிரலை நிறுத்துவதற்கான கன்ட்ரோல் சி அழுத்தினாலும் நிரல் நிற்காமல் மறுபடி எண்ணைக் கேட்டுக்கொண்டே இருக்கும்.

இப்படிக்கு,
பைத்தான் சொல்லித்தரும் ஒரு வாசகர்