ஓடிப்போயிருக்கலாமே என்று கேட்டவருக்கு

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழில் ஒரு புது எழுத்தாளரின் முதல் காதல் நாவலுக்கு அரைப் பக்கம் ஒதுக்கி மதிப்புரை வெளியிட்டிருந்தீர்கள். அதில் இருந்த ஒரு வரி, படித்த நாளிலிருந்து தொண்டையிலேயே நிற்கிறது. "முப்பது ஆண்டுகள் ஏங்கிக் கிடப்பதற்குப் பதில் இருவரும் ஓடிப்போயிருக்கலாமே என்ற எளிய கேள்விக்கு நாவலில் பதில் இல்லை."

எளிய கேள்வியாம்!

அந்த நாவலை நானும் படித்தேன். பதில் கிட்டத்தட்ட எல்லா அத்தியாயத்திலும் இருக்கிறது. நாயகனின் மனைவி இறந்த வீட்டுக்கு நாயகி துக்கம் கேட்கப் போகிறாளே, அந்த இடத்தை எடுத்துக்கொள்ளுங்கள். எங்கே உட்காருவது என்று அவளுக்குத் தெரியவில்லை. உறவுக்காரப் பெண்களோடு உட்கார உரிமை இல்லை. தனியாக நின்றால், இவள் யார் என்று யாராவது கேட்பார்கள். கடைசியில் செருப்புகள் குவிந்து கிடக்கிற மூலைக்குப் போய், அழுதுகொண்டிருந்த யாரோ ஒருவர் வீட்டுக் குழந்தையைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொள்கிறாள். கையில் குழந்தை இருக்கும் பெண்ணை யாரும் ஏன் வந்தாய் என்று கேட்பதில்லை அல்லவா? முதல் முறை நாவல் எழுதுகிறவருக்கு இது எப்படித் தோன்றியது என்று எனக்கு வியப்பு அடங்கவில்லை. மதிப்புரையாளருக்கு இந்த அத்தியாயம் கண்ணில் படவே இல்லை போலும். "நடுப்பகுதியில் தொய்வு" என்று இரண்டே சொல்லில் தாண்டிவிட்டார்.

அவருக்காக என் வீட்டுக் கதையையும் சொல்லிவிடுகிறேன். என் பெரியம்மா கல்யாணம் செய்துகொள்ளவில்லை. ஏன் என்று வீட்டில் எல்லோருக்கும் தெரியும், யாரும் பேசமாட்டார்கள். அவருடைய பிறந்தநாளன்று மட்டும் வீட்டுத் தொலைபேசி இரண்டு முறை அடித்து நின்றுவிடும். யாரும் எழுந்துபோய் எடுக்கமாட்டார்கள். தாத்தா செய்தித்தாளைக் கொஞ்சம் உயர்த்திப் பிடித்துக்கொள்வார், அவ்வளவுதான். எனக்கு விவரம் தெரிந்த வயதில், உங்கள் மதிப்புரையாளர் கேட்ட அதே கேள்வியை நானும் பெரியம்மாவிடம் கேட்டேன். துணி மடித்துக்கொண்டிருந்தவர் நிமிராமலே சொன்னார்: "நான் போயிருந்தா உங்க அம்மாவை யாருடி கட்டியிருப்பா?"

அதாவது அந்த எளிய கேள்விக்கு நான்தான் பதில், ஆசிரியர் அவர்களே. நாற்பது கடந்து, மூட்டுவலியோடு உட்கார்ந்து உங்களுக்குக் கடிதம் எழுதிக்கொண்டிருக்கிறேன்.

அப்புறம் தாத்தா போனார். இனி யார் தடுக்கப்போகிறார்கள் என்று நாங்கள் நினைத்தோம். அதற்குள் அந்தப் பக்கம் ஒரு குடும்பம், வரன் பார்க்க வேண்டிய மகள். தடுத்தவர்கள் போய்ச் சேர்ந்தார்கள், தடை மட்டும் அப்படியே இருந்தது. அமெரிக்க எழுத்தாளர் எடித் வார்ட்டனின் 'தி ஏஜ் ஆஃப் இன்னசன்ஸ்' நாவலில் நாயகன் இருபத்தாறு ஆண்டு கழித்து, மனைவியும் காலமாகி, தடுக்க ஆளே இல்லாத நிலையில், காதலி குடியிருக்கும் கட்டடம் வரை போகிறான். மாடி ஏறாமலே திரும்பி நடக்கிறான். அந்த நாவலுக்கு 1921-இல் புலிட்சர் பரிசு கொடுத்தார்கள். ஏறியிருக்கலாமே என்று பரிசுக் குழுவில் யாருக்கும் கேட்கத் தோன்றவில்லை போல.

இதில் இன்னொன்றும் உறுத்துகிறது. "முதல் நாவலுக்கே உரிய பக்குவமின்மை" என்று ஒரு வரி. ஆங்கில எழுத்தாளர் எமிலி பிராண்டியின் 'வுதரிங் ஹைட்ஸ்' 1847-இல் எல்லிஸ் பெல் என்ற புனைபெயரில் வந்தது என்பது தாங்கள் அறியாததல்ல. அதுதான் அவருடைய முதல் நாவல், கடைசி நாவலும் அதுதான். மறு ஆண்டே, முப்பது வயதில், போய்ச் சேர்ந்துவிட்டார். பக்குவப்பட்டு இரண்டாவதாக ஒன்று எழுத அவருக்கு நேரம் இல்லை. கொலம்பிய எழுத்தாளர் கார்சியா மார்க்வெஸ் நோபல் பரிசு வாங்கி மூன்று ஆண்டு கழித்து, 1985-இல், 'காலரா காலத்தில் காதல்' நாவலில் ஐம்பது ஆண்டுக்கு மேல் ஒரு பெண்ணுக்காகக் காத்திருப்பவனை எழுதினார். அது உலக இலக்கியம். பெயர் தெரியாத ஒரு பெண் முப்பது ஆண்டுக் காத்திருப்பை எழுதினால், ஓடிப்போயிருக்கலாமே! அவ்வளவு தூரம்கூடப் போக வேண்டாம். காதலர்கள் ஓடிப்போகும் உடன்போக்குக்குப் பாலைத் திணையில் இடம் வைத்த நம் பழைய புலவர்கள், காத்திருப்பதற்கு முல்லை என்று ஒரு திணையையே கொடுத்தார்கள். அவர்களும் பக்குவமில்லாதவர்கள்தானோ என்னவோ.

காதல் கதை என்றால் உங்கள் இதழுக்கு எப்போதிலிருந்து இந்த இளக்காரம் வந்தது? காதல் தொடர்கதைக்காகவே இந்த இதழை வீட்டுக்கு வீடு கைமாற்றிப் படித்தோம். தொடர் நின்றது, சரி, காலம் மாறுகிறது என்று இருந்தோம். பிறகு பெண்கள் எழுதும் காதல் நாவல்களெல்லாம் கடைசிப் பக்கத்துக்கு, ராசிபலனுக்குப் பக்கத்தில், போயின. அப்போது நான் ஒரு கடிதம் எழுதினேன். அதில் இருந்த பாராட்டை மட்டும் எடுத்து நான்கு வரியில் வெளியிட்டீர்கள். குறையைச் சொன்ன பகுதி எங்கே போயிற்று என்று இன்றுவரை தெரியவில்லை. இந்தக் கடிதத்தில் வெட்டி எடுத்துப் போட வசதியாகப் பாராட்டு எதுவும் வைக்கவில்லை.

இருவரும் கடைசியில் சேர்ந்தார்களா இல்லையா என்பதையும் மதிப்புரையின் கடைசிப் பத்தியில் போட்டு உடைத்துவிட்டார். முந்நூற்றுச் சொச்சம் பக்கம் ஒருவர் பாடுபட்டு மறைத்து வைத்ததை ஒரே வாக்கியத்தில்! இதைப் படித்த பிறகு எத்தனை பேர் அந்தப் புத்தகத்தை வாங்குவார்கள் என்று நினைக்கிறீர்கள்? துப்பறியும் நாவலில் கொலைகாரன் பெயரை இப்படி எழுதியிருப்பாரா? மாட்டார். அதற்கு ஒரு மரியாதை இருக்கிறது.

என் வேண்டுகோள் பெரிதொன்றும் இல்லை. அந்த எழுத்தாளரின் பெயரைத் தலைப்பில் ஒரு மாதிரியும் மதிப்புரைக்குள்ளே வேறு மாதிரியும் அச்சிட்டிருக்கிறீர்கள். பதிப்பகத்தின் பெயர் எங்கேயும் இல்லை. அடுத்த இதழில் இரண்டையும் சரியாகப் போட்டு ஒரு திருத்தம் வெளியிடுங்கள். இடம் போதாதென்றால், மதிப்புரையாளரின் புகைப்படத்தைக் கொஞ்சம் சிறிதாக்கிக்கொள்ளலாம்.

இப்படிக்கு,
நெடுநாள் வாசகி