சனிக்கிழமைச் சந்திப்பு: வட்டாரப் பன்னாட்டு உறவுகள் முதுகலை

வணக்கம். இந்த முதுகலைக்கு விண்ணப்பிப்பவர்களுக்கான இணையவழிச் சந்திப்பு வரும் சனிக்கிழமை மாலை 6 மணிக்கு.

1. நோக்க அறிக்கையை (ஏன் இந்தப் படிப்பு என்று நீங்கள் எழுதுவது) வெள்ளி இரவுக்குள் அனுப்புங்கள். "சிறுவயது முதலே உலக அரசியலில் ஆர்வம்" என்று இதுவரை நாலு பேர் தொடங்கியாச்சு, போதும்.

2. ஒரு வட்டாரம், ஒரு கேள்வி எனச் சுருக்குங்கள். உதாரணமாக, 1967இல் 5 நாடுகளோடு தொடங்கிய ஆசியான் (தென்கிழக்கு ஆசிய நாடுகளின் கூட்டமைப்பு) வளர்ந்தது. 1985இல் டாக்காவில் பிறந்த சார்க் (தெற்காசிய நாடுகளின் கூட்டமைப்பு), 2014 காத்மாண்டுவுக்குப் பிறகு உச்சிமாநாடே கூட்டவில்லை. இத்தனைக்கும் இரண்டிலும் ஒருமித்த முடிவுதான் விதி. அப்புறம் ஏன் இந்த வித்தியாசம்?

3. வட்டார மொழி எவ்வளவு தெரியுமோ, உள்ளபடி எழுதுங்கள்.

4. பரிந்துரைக் கடிதம் கேட்டாச்சா?

வருபவர்கள் வியாழனுக்குள் பெயரும் நீங்கள் எடுத்த வட்டாரமும் பதிலிடுங்கள். வெறும் கட்டைவிரல் குறி கணக்கில் வராது.