மூழ்கிய நெல் எது வரை தாங்கும்?

ஆசிரியருக்கு வணக்கம்.

சி.ஆர்.1009 சப்-1 என்ற நெல் ரகத்தை நட்டால் வெள்ளத்துக்குக் கவலையே இல்லை என்று டெல்டாவில் பேசுகிறார்கள். அது பாதி உண்மைதான். சாதாரண நெல் மூழ்கியதும் நீருக்கு மேல் எட்ட நீளும். சத்து தீர்ந்து, வடிந்ததும் துவண்டு சாயும். ஒடிசா நாட்டு நெல்லிலிருந்து இந்த ரகத்துக்கு வந்த சப்1ஏ மரபணு, மூழ்கிய பயிருக்குள் எத்திலீன் என்ற வாயு சேர்ந்ததும் தூண்டப்பட்டு அந்த நீட்சியை அடக்குகிறது, சேமிப்பு மிஞ்சுகிறது.

ஆனால் சுமார் இரண்டு வாரம்தான் தாங்கும். கலங்கல் நீரில் இன்னும் குறைவு. நேரடி விதைப்பில் முளைக்கும்போது தேங்கும் நீருக்கு உதவாது. வடிந்த அன்றே யூரியா போடாதீர்கள், புதுக் குருத்து விடட்டும். இந்த மரபணு இல்லாத பழைய சி.ஆர்.1009 விதை கலந்தால் கண்ணால் பிரிக்க முடியாது. களத்தையும் சாக்கையும் தனியே வையுங்கள். விதைப் பையிலேயே இவற்றை அச்சிட வேண்டும்.

நெல் விதை ஆர்வலர்கள்,
திருவாரூர் மாவட்டம்