பொட்டல் வெயிலில் வாசித்த மாப்பிள்ளைக்கு

அன்புள்ள மாப்பிள்ளை,

ஞாயிற்றுக்கிழமை கச்சேரி மேடையை விட்டு இறங்கியதும் முகம் கொடுக்காமல் வேனில் ஏறிவிட்டாய். போனையும் எடுக்கவில்லை. அதனால் எழுதுகிறேன். ஊரே படிக்கட்டும், கிட்டார் தூக்கித் திரிகிற மற்ற பையன்களுக்கும் உதவும்.

மூன்றாவது பாட்டில் சுருதி விலகியது உன் கை செய்த தப்பில்லை. பகல் பதினொன்றரை மணி, காரைக்குடிச் செம்மண் பொட்டல், பந்தல் பாதி மேடைக்குத்தான். உன் கிட்டார் வெயில் பக்கம் அரை மணி நேரம் நின்றதைப் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். கம்பி சூடானால் நீளும், இறுக்கம் குறையும், சுருதி இறங்கும். கீபோர்டு வைத்த இடத்தில் நிற்கும். அப்புறம் இரண்டும் எப்படிச் சேரும்?

நாதஸ்வரக்காரர்களுக்கு இது நேர்மாறு. குழலுக்குள் காற்று சூடாக ஆக சுருதி ஏறும். தவிலின் வலந்தலையும், அதாவது வலது பக்கத் தோலும், வெயிலில் இறுகிக்கொள்ளும். குன்றக்குடியில் சாமிக்கு முன்னால் நடந்து வாசிக்கிறவர்களைக் கவனித்திருக்கிறாயா? உதட்டாலும் மூச்சாலும் இழுத்துப் பிடிப்பார்கள். சரிவராவிட்டால், குழல் முனையில் செருகி ஊதும் சீவாளிகள் கொத்தாய்த் தொங்குமே, அதில் வேறொன்றை மாட்டிவிடுவார்கள். நீ பாட்டுக்குப் பாட்டு சுருதி காட்டும் டியூனரைப் பார்த்திருந்தால் போதும்.

அடுத்தது சத்தம். கடைசி வரிசை "கேக்கல" என்று கத்தியது, சவுண்டுக்காரத் தம்பி ஏற்றினான், முன்வரிசை ஆச்சிகள் காதைப் பொத்தினார்கள். முப்பது வருஷம் ரேடியோ செட் கட்டியவன் சொல்கிறேன்: பகலில் தரையோரக் காற்று கொதிக்கும், மேலே போகப்போகச் சூடு குறையும். சத்தம் சூட்டை விட்டு மேல்நோக்கி வளைந்து, தூரத்தில் இருப்பவன் தலைக்கு மேல் போய்விடும். பொழுது சாய்ந்து தரை குளிர்ந்தால் அதே சத்தம் கீழே வளைந்து அடுத்த ஊர் வரைக்கும் கேட்கும். பகலில் வால்யூமை ஏற்றிப் பயனில்லை. பாக்ஸை உயரத்தில் கட்டி, நடுவில் இன்னொரு ஜோடி வைக்க வேண்டும். 35 மீட்டர் தள்ளி வைத்தால், அதற்கு நொடியில் பத்தில் ஒரு பங்கு டிலே, அதாவது தாமதம், கொடுக்க வேண்டும், இல்லையென்றால் எதிரொலி மாதிரி இரட்டையாய்க் கேட்கும்.

நீங்கள் ஒத்திகை பார்த்தது செட்டிநாட்டு வளவு வீட்டில். அங்கே ஆத்தங்குடித் தரைக்கல்லிலும் வழவழப்பான சுண்ணாம்புச் சுவரிலும் மோதி எல்லாம் கணீரென்று திரும்பி வரும். அதை நம்பிப் பொட்டலுக்கு வந்தீர்கள். பொட்டலுக்கு ஏது சுவர்?

ஆனாலும் ஒன்று சொல்ல வேண்டும். ஜெனரேட்டர் நின்றதே, அப்போது டிரம்ஸ் பையன் நிறுத்தவில்லை. பாடகி மைக்கைக் கீழே வைத்துவிட்டு மேடை விளிம்பில் உட்கார்ந்து பாடினாள். வேப்பமர நிழலில் ஒதுங்கியிருந்த சனமெல்லாம் செருப்பைத் தேடி மாட்டிக்கொண்டு வெயிலுக்குள் நடந்து வந்தது. முந்தானையைத் தலையில் போட்டுக்கொண்டு ஒரு ஆச்சி தாளம் போட்டாள். நீ குனிந்தே இருந்தாய், பார்த்திருக்க மாட்டாய்.

வியாழக்கிழமை கடைக்கு வா. உன் அத்தை கும்மாயம் கிண்டி வைப்பதாகச் சொல்லியிருக்கிறாள். நீ மேடையில் மறந்துவிட்டுப் போன கறுப்புக் கேபிளும் என்னிடம்தான் இருக்கிறது, ஒரு முனையில் பற்றவைப்பு விட்டிருக்கிறது.

உன் மாமா