அலிசன் கிரவுஸ் துணைக்குரலா?

ஆசிரியருக்கு, வணக்கம்.

சென்ற இதழில் 'ரெய்சிங் சாண்ட்' பற்றி வந்த கட்டுரையைப் படித்தேன். 2007-இல் வந்த ஒரு கன்ட்ரி (அமெரிக்கக் கிராமிய இசை) ஜோடிப்பாட்டு ஆல்பத்துக்கு இன்றைக்கு இரண்டு பக்கம் ஒதுக்கிய உங்கள் மனசுக்கு நன்றி. ஆனால் ராபர்ட் பிளாண்டின் ஆல்பம் இது, அலிசன் கிரவுஸ் அவருக்குத் துணைக்குரல் கொடுத்திருக்கிறார் என்று நடுவில் ஒரு வரி வருகிறதே, அங்கேதான் எனக்குச் சுருக்கென்றது.

பாளையங்கோட்டையில் ஒரு தேவாலயக் கொயரில் இருபது வருஷமாக ஆல்டோ, அதாவது பெண்களின் கீழ்க்குரல், பாடுகிறவள் நான். மெட்டை, மேல்குரல் பாடும் சோப்ரானோக்காரர்கள் எடுத்துக்கொண்டு போய்விடுவார்கள். அதற்குக் கீழே, ஒட்டியும் ஒட்டாமலும் கூடவே நடப்பது எங்கள் பாடு. பக்கத்தில் நிற்பவர் குரல் காதில் விழவில்லையென்றால் நீ கத்துகிறாய் என்று அர்த்தம் என்பார் எங்கள் கொயர் மாஸ்டர். அப்படிப் பழகிய காதுக்கு இந்த ஆல்பம் வேறு மாதிரி கேட்கிறது.

லெட் செப்பலின் ராக் குழுவில் கூரை பிய்யப் பாடியவர் பிளாண்ட். இன்னொரு குரலோடு இழைந்து பாடும் வேலை அவருக்கு அதிகம் வாய்த்ததில்லை; அதை அவரே பேட்டிகளில் ஒப்புக்கொண்டிருக்கிறார். ஏறக்குறைய 23 வயது இளையவரான கிரவுஸோ சிறுமியாக இருக்கும்போதே ஃபிடிலும் கையுமாக புளூகிராஸ் என்ற கன்ட்ரி இசை வகையின் மேடைகளில் நின்றவர். அந்த இசையில் ஹார்மனி, அதாவது மெட்டோடு இன்னொரு குரல் வேறு சுரத்தில் சேர்ந்து பாடுவது, இல்லாமல் பொழுதே விடியாது. அப்படியானால் இங்கே யார் யாருக்குப் பாடம் எடுத்திருப்பார்கள்?

'கில்லிங் தி புளூஸ்' பாட்டைக் கொஞ்சம் சத்தம் கூட்டாமல் கேளுங்கள். கான்வே ட்விட்டி–லொரெட்டா லின் என்ற கன்ட்ரி பாடகர் ஜோடி போல அவர் ஒரு வரி, இவர் பதில் வரி என்ற வாக்குவாதம் கிடையாது. இருவரும் சேர்ந்தே நடக்கிறார்கள். பிளாண்ட் காதோரம் பேசுகிற அளவுக்குக் குரலைத் தணித்துக்கொள்கிறார், கிரவுஸ் அதற்கு மேலே மெல்லிசாக ஒரு கோடு போட்டுக்கொண்டே போகிறார். 'சிஸ்டர் ரோசெட்டா', 'டிராம்பிள்ட் ரோஸ்' இரண்டிலும் முன்னால் நின்று பாடுவதே கிரவுஸ்தான். துணைக்குரலுக்கு யார் இப்படி இடம் கொடுப்பார்கள்? இதையெல்லாம் இழைத்துக் கட்டிய தயாரிப்பாளர் டி போன் பர்னெட் பெயர்கூடக் கட்டுரையில் இல்லை. அது போகட்டும்.

விருதுக் கணக்கிலும் ஒரு விடுதல். கன்ட்ரி விருது வாங்கியது என்று மட்டும் எழுதியிருக்கிறீர்கள். 2009 பிப்ரவரியில் அமெரிக்க இசைத்துறையின் கிராமி விழாவில் ஐந்து விருதுகள். கன்ட்ரியில் ஒன்று, பாப்பில் ஒன்று, நாட்டுப்புற–அமெரிக்கானா வகையில் ஒன்று. எந்தப் பெட்டியில் போடுவது என்று தெரியாமல் எல்லாப் பெட்டியிலும் போட்டுவிட்டார்கள் போல! அதற்கும் மேலே, ரேடியோஹெட், கோல்ட்பிளே, லில் வெய்ன் எல்லோரையும் தாண்டி ஆண்டின் சிறந்த ஆல்பம். (அந்த மாதம் நம் ஊரில் ரகுமானின் ஆஸ்கரைத் தவிர வேறு பேச்சே கிடையாது. எனக்கும் இந்தச் செய்தி ரொம்பப் பிந்தித்தான் தெரிந்தது.)

அப்புறம் இன்னொன்று. 2007 டிசம்பரில் லண்டனில் லெட் செப்பலின் மறுபடி ஒரே ஒரு ராத்திரி மேடை ஏறியது. இனி ஊர் ஊராகக் கச்சேரிதான் என்று ரசிகர்கள் காத்துக் கிடந்தார்கள். பிளாண்ட் அதை விட்டுவிட்டு 2008-இல் கிரவுஸோடு கிளம்பிப் போனார். 2021-இல் இரண்டாவது ஆல்பத்துக்கும் அவரோடுதான் வந்து நின்றார்.

பெரிய மறுப்பெல்லாம் வேண்டாம், அடுத்த இதழில் ஒரு வரித் திருத்தம் போட்டால் போதும். ஐந்தாவது விருதை நான் இன்னும் சொல்லவில்லையே. ஆண்டின் சிறந்த ரெக்கார்டு என்ற அந்த விருது, இந்த ஆல்பத்தில் உள்ள 'ப்ளீஸ் ரீட் தி லெட்டர்' என்ற பாட்டுக்குக் கிடைத்தது. தயவுசெய்து கடிதத்தைப் படியுங்கள் என்கிறது தலைப்பு. நானும் அதையேதான் கேட்கிறேன்.

— ஒரு வாசகி, பாளையங்கோட்டை