நன்றி மடல்: எங்கள் மேசையில் இருக்கும் உங்கள் பாத்திரங்கள்

வணக்கம்.

எங்கள் சாப்பாட்டு மேசையில் பதினேழு பாத்திரங்கள் கழுவித் துடைத்துக் கவிழ்த்து வைக்கப்பட்டிருக்கின்றன. ஒன்றுகூட எங்களுடையதில்லை. மூன்று ரிபன் கரியர், இரண்டு சோற்றுச் சட்டி, சொதி வந்த எவர்சில்வர் வாளி ஒன்று. மிச்சம் எல்லாம் மூடி மாறிப்போன பிளாஸ்ரிக் பெட்டிகள். என் மனைவி கண்மூடிய அன்றிலிருந்து எட்டாம் நாள் எட்டுச்செலவு வரைக்கும் எங்கள் வீட்டில் அடுப்பு எரியவில்லை. தேத்தண்ணிகூட வெளியிலிருந்துதான் வந்தது. வந்ததைச் சாப்பிட்டோம். யார் கொண்டுவந்தது என்று கேட்கிற நிலையில் அன்றைக்கு ஒருவரும் இருக்கவில்லை.

முகத்துவாரத்தில் அந்தியேட்டி முடிந்து, வீட்டுக்கிருத்தியமும் முடிந்து, கல்வெட்டு என்கிற நினைவுப் புத்தகமும் கொடுத்தாயிற்று. நன்றி மடல் அடிக்கப் போனபோது அச்சகத்துத் தம்பி கொம்பியூட்டரில் ஒன்றைத் தயாராகவே வைத்திருந்தார். "மறைவுச் செய்தி கேட்டு ஓடோடி வந்து ஆறுதல் கூறியவர்களுக்கும், மலர்வளையம் சாத்தியவர்களுக்கும், தொலைபேசி மூலம் அனுதாபம் தெரிவித்தவர்களுக்கும்" என்று போகும். "ஐயா, பேரை மட்டும் மாத்தினால் காணும்" என்றார். பிழையான மடல் என்று சொல்லமாட்டேன், அதில் உள்ள எல்லோரும் வந்தவர்கள்தான். ஆனால் பாத்திரங்களைப் பற்றி அதில் ஒரு வரி இல்லை. என் மனுசி இதை வாசித்தால் முதலில் கேட்பது அதைத்தான். ஆகவே நானே எழுதுகிறேன். கல்வெட்டில் "அன்னார்" என்றும் "அவர்" என்றும் போட்டோம். இங்கே அவள் என்றே எழுதுகிறேன். நாற்பத்துநாலு வருடம் அப்படித்தான்.

அவள் அளவெட்டிக்காரி. கும்பிளாவளைப் பிள்ளையார் கோயில் மணி கேட்கிற தூரத்தில் பிறந்து, 1981இல் என்னைக் கட்டி, அரசாங்கக் கந்தோரில் இலிகிதராக இருந்த எனக்குப் பின்னால் வெள்ளவத்தைக்கு வந்தவள். வெளியில் வேலைக்குப் போனதில்லை. ஆனால் சும்மா இருந்தாள் என்று சொன்னால், 1996இலிருந்து ஒரு பத்து வருடம் எங்கள் இரண்டு அறைத் தொடர்மாடி வீட்டில் பாய் விரித்துப் படுத்தவர்கள் ரொறன்ரோவிலிருந்தும் லண்டனிலிருந்தும் எழும்பி வந்து என்னோடு சண்டைக்கு நிற்பார்கள். ஊரிலிருந்து வருவார்கள், விசாவுக்குக் காத்திருப்பார்கள், ஏஜென்சிக்காரன் "அடுத்த கிழமை, அடுத்த கிழமை" என்பான். வருகிற ஒவ்வொருவரையும் அப்போது பொலிசில் பதிய வேண்டியிருந்தது. அந்தப் படிவத்தைக் கையில் பிடித்துக்கொண்டு பொலிஸ் நிலைய வாங்கில் அவள் இருந்த நேரத்தைக் கூட்டினால் எனக்குத் தலை சுற்றும். செத்தவீட்டை நேரலையில் பார்த்து நித்திரை முழித்து அழுதவர்களில் பாதிப்பேர் அந்தப் பாயில் படுத்தவர்கள். உங்களுக்கு நன்றி. அங்கே நடுச்சாமம், நீங்கள் அடுத்தநாள் வேலைக்கும் போயிருப்பீர்கள்.

இனி அந்தக் கொப்பி.

அவளிடம் ஒரு சீ.ஆர். கொப்பி, தடித்த மட்டைக் கொப்பி, இருந்தது. வரவு செலவுக் கணக்கு என்றுதான் நெடுகிலும் நினைத்திருந்தேன். செத்தவீடு முடிந்து மூன்றாம் நாள் மகள் எடுத்துக் காட்டினாள். நாலு பத்தி கோடு போட்டிருக்கிறது. ஆர், என்ன சட்டி, என்ன வந்தது, என்ன போனது. "கீழ்வீடு. நீலமூடி. வட்டிலப்பம் வந்தது. பயத்தம்பணியாரம் போனது." "மூண்டாம் மாடி மிஸ். கண்ணாடிக் கிண்ணம். கொக்கிஸ், அலுவா வந்தது. மோர்மிளகாய் போனது." "கோணர் வீட்டுப் பிள்ளை. ரிபன் கரியர். இறால் குழம்பு வந்தது (நாங்கள் விரதம், ஓட்டோத் தம்பிக்குக் குடுத்தது). வடகம் போனது." ஒவ்வொரு சட்டிக்கும் அடியில் சிவப்புக் கியூட்டெக்சால் ஒரு புள்ளி, இரண்டு புள்ளி, ஒரு பிறை என்று அடையாளம். நோன்புப் பெருநாளும் சித்திரை வருசமும் தைப்பொங்கலும் ஒரே மாடிப்படியில் ஏறி இறங்குகிற வீட்டில் இப்படி ஒன்று இல்லாவிட்டால் சட்டி மாறித்தான் போகும்.

அவளுடைய சட்டம் ஒன்றுதான். அயலட்டை வீட்டுச் சட்டி வெறும் சட்டியாகத் திரும்பக் கூடாது. ஒன்றும் இல்லாவிட்டால் ஒரு கரண்டி சீனியாவது. நான் ஒருமுறை கீழ்வீட்டுச் சட்டியைக் கழுவி அப்படியே கொண்டுபோய்க் கொடுத்துவிட்டேன். "இஞ்சருங்கோ, அவையள் என்ன நினைப்பினம்?" என்று கேட்டாள். அவ்வளவுதான். பிறகு இரண்டு நாள் எனக்கு விடை, "ம்".

வருத்தம் 2022இல் வந்தது. மார்புப் புற்றுநோய். அதற்கு முன்னர் ஒரு தனியார் இடத்தில் றிப்போட் மாறிப்போய் ஆறு கிழமை வீணாகியது. பெயர் எழுதமாட்டேன், அவள் எழுதவிட்டிருக்கமாட்டாள். மகரகம அபேக்ஷா வைத்தியசாலையில்தான் எல்லாம் சரியாகத் தொடங்கியது. 21 நாளுக்கு ஒருக்கா கீமோ. ஒரு சதம் வாங்கவில்லை. அந்த வார்ட்டுத் தாதிமாருக்கு என்ன சொல்வது! நாட்டில் மருந்துக்குத் தட்டுப்பாடு, வேலைக்கு வர பஸ் இல்லை, சம்பளம் சாமானுக்குக் காணாது. அப்படியிருந்தும் ஊசி ஏற்றும்போது நரம்பு அகப்படாமல் மூன்றாம்தரம் குத்த வேண்டி வந்தால் அவளிடம் மன்னிப்புக் கேட்பார்கள். எங்கள் சிங்களம் கடைச் சிங்களம், அவர்களுடைய தமிழ் அதிலும் குறைவு. அவளுக்கு அது ஒரு குறையாகப் படவில்லை. ஒருநாள் வேப்பம்பூ வடகம் கட்டிக்கொண்டு போய்க் கொடுத்துவிட்டு, அதைப் பொரிக்கிற விதத்தைக் கையாலேயே நடித்துக் காட்டினாள்.

எங்கள் லேன் முனை ஓட்டோத் தம்பிக்குத் தனியாகச் சொல்ல வேண்டும். அந்த ஆடி மாதம் எரிபொருள் பங்கீட்டுக்குக் கியூஆர் அட்டை வந்தபோது ஓட்டோவுக்குக் கிழமைக்கு ஐந்து லீற்றர் பெற்றோல். அதை வைத்துத்தான் அவர் குடும்பமும் சாப்பிட வேண்டும். கீமோ நாளுக்கென்று ஒரு போத்தலில் பிறிம்பாக எடுத்து வைத்திருந்தார். போத்தலில் வைப்பது சரியோ பிழையோ, இப்போது யாரும் கேட்கப் போவதில்லை. காசு கொடுத்தால் மீற்றருக்கு மேல் ஒரு ரூபாய் எடுக்கமாட்டார். அவரும் ஒரு ரிபன் கரியர் அனுப்பியிருக்கிறார், அடியில் பிறை இருக்கிறது. தம்பி, அது உங்களுடையதுதானே?

காஸ் இல்லாத அந்த மாதங்களில் கீழே வாகனம் விடுகிற இடத்தில் மூன்று கல்லு வைத்து விறகு எரித்து எல்லா வீட்டுக்கும் ஒன்றாகச் சமைத்த பெண்களுக்கும் நன்றி. அவளுக்கு மட்டும் உப்பும் உறைப்பும் குறைத்து ஒரு சின்னச் சட்டியில் வேறாக வைத்தீர்கள். அவள் அதில் உப்புக் காணாது என்று என்னிடம் முறையிட்டதையும் இப்போது சொல்லலாம்.

வருத்தம் கொஞ்சக் காலம் ஒதுங்கியிருந்து திரும்ப வந்தது. கடைசி மாதங்களை வீட்டிலேயே கழிக்க ஆசைப்பட்டாள். போனதும் வீட்டில்தான், விடியப்புறம் இரண்டு மணிக்குக் கிட்ட. கொப்பியின் பின்மட்டைக்குள் கண்தானப் படிவம் இருந்தது. கண் தானச் சங்கத்துக்கு மகன்தான் போன் எடுத்தான். 1961இல் வைத்தியர் ஹட்சன் சில்வா தொடங்கிய சங்கம், சிங்கள வீடுகளில் இது சாதாரண விசயம். எங்கள் ஆட்களிடையே இன்னும் தயக்கம் உண்டு. அவள் கையெழுத்து வைத்த நாளில் என் தமக்கை, "அடுத்த பிறப்பில கண் தெரியாமல் பிறப்பாய்" என்றா. "அப்ப கண்ணாடி போடுறன் மச்சாள்" என்றுவிட்டு இவள் தேத்தண்ணி ஊத்தப் போனாள். அந்த இருட்டில் இரண்டு பேர் வந்தார்கள். வாசலில் சப்பாத்தைக் கழற்றினார்கள். வேலை தொடங்கமுன்னர் அவளுக்கு முன்னால் நின்று கைகூப்பினார்கள். முடிந்தபிறகு முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை, தமக்கையே குனிந்து பார்த்துவிட்டுத் தலையாட்டினா. அந்த இரண்டு பேருடைய பெயரையும் நான் கேட்கவில்லை. ஒரு தேத்தண்ணிகூடக் கொடுக்கவில்லை.

விடியமுன்னர் வந்த குடும்ப வைத்தியர், ஞாயிற்றுக்கிழமை என்றும் பாராமல் கடிதம் தந்த கிராம உத்தியோகத்தர், நாங்கள் கேளாமலே லேன் முழுக்க வெள்ளைக்கொடி கட்டிய பொடியன்கள், திருப்பொற்சுண்ணம் பாடத் தொண்டை கட்டியிருந்தும் வந்த ஓதுவார், நெய்ப்பந்தம் பிடித்த பேரப்பிள்ளைகளின் கையில் எண்ணெய் சிந்தாமல் பக்கத்திலேயே நின்றவர், பொரளை கனத்தை மயானம் வரைக்கும் மழையில் நனைந்துகொண்டு வந்தவர்கள் எல்லோருக்கும் நன்றி. பெயர் விடுபட்டால் கோபிக்க வேண்டாம். நான் ஒரு பெயருமே எழுதவில்லை.

இன்னும் ஒருவர் இருக்கிறா.

1983 ஆடி 25ஆம் திகதி திங்கட்கிழமை காலமை எங்கள் வாடகை வீட்டுக்கு ஆட்கள் வந்தபோது, பின்வீட்டுச் சிங்கள அம்மா மதிலுக்கு மேலால் கையை நீட்டி எட்டு மாதப் பிள்ளையை வாங்கினா. பிறகு நாங்கள் ஏறிக் குதித்தோம். இரண்டு இரவு அவவின் சாமான் அறைக்குள் இருந்தோம். பம்பலப்பிட்டி இந்துக் கல்லூரி முகாமுக்குப் போக வாகனம் வந்தபோது, வழியில் சாப்பிட என்று ஒரு அலுமினியச் சட்டியில் சிவப்பரிசிச் சோறும் பருப்பும் போட்டுத் தந்தா. முகாமில் அந்தச் சட்டியில்தான் தண்ணீர் பிடித்தோம். லங்கா கல்யாணிக் கப்பலில் காங்கேசன்துறைக்குப் போகும்போது அதற்குள் பால்போத்தல் இருந்தது. 1985இல் திரும்பி வந்து அந்த ஒழுங்கைக்குப் போனோம். வீடு விற்றாயிற்று, குருநாகல் பக்கம் போய்விட்டார்கள் என்றார்கள். அதற்குமேல் ஒருவருக்கும் தெரியவில்லை. மனுசி ஒரு பை நிறைய முறுக்குச் சுட்டுக் கொண்டுபோயிருந்தாள். பஸ்சில் திரும்பி வரும்போது அதை மடியில் வைத்துக்கொண்டு ஒன்றும் பேசாமல் வந்தாள்.

கொப்பி நிறைந்து புதுக்கொப்பி மாறும்போதெல்லாம் முதல் வரியை மட்டும் அப்படியே திரும்ப எழுதியிருக்கிறாள். "1983 ஆடி. பின்வீட்டு அம்மா. அலுமினியச் சட்டி, ஒரு பக்கம் நெளிஞ்சது. சோறும் பருப்பும் வந்தது." நாலாம் பத்தியில் ஒன்றும் இல்லை.

வருகிற சனி, ஞாயிறு பின்னேரங்களில் நான் வீட்டில்தான் இருப்பேன். உங்கள் பாத்திரங்களை எடுத்துக்கொண்டு போங்கள். எனக்குப் பணியாரம் சுடத் தெரியாது. பங்குனி வெயிலில் அவள் மொட்டைமாடியில் காயவைத்த மோர்மிளகாய் ஒரு போத்தல் மிச்சம் இருக்கிறது. எண்ணிப் பார்த்தேன், சட்டிக்கு ஏழு வரும். உறைப்புக் கூட, பேரப்பிள்ளைகளுக்குக் கொடுக்க வேண்டாம்.

நெளிந்த சட்டியையும் கழுவி மேசையில் வைத்திருக்கிறேன். அதற்கும் ஏழு எடுத்து வைத்தாயிற்று.

இங்ஙனம்,
கணவர், பிள்ளைகள், மருமக்கள், பேரப்பிள்ளைகள்
வெள்ளவத்தை, கொழும்பு 06