தோட்டப்புறங்களுக்குப் பற்சுகாதாரப் பணியாளர்கள் தேவை

ஆசிரியர் அவர்களுக்கு,

மலையக மக்களின் சுகாதாரம் பற்றித் தங்கள் பத்திரிகையில் வரும் கட்டுரைகளைத் தவறாமல் படித்து வருகிறேன். போசாக்கு, குடிநீர், லயங்களின் மலசலகூடம் என்று பலவும் எழுதப்படுகின்றன. பல்லும் முரசும் (பல் ஈறும்) மட்டும் பேச்சுக்கே வருவதில்லை.

ஆனால் நம்மவரின் முரசு உலகப் பல் மருத்துவ மாணவர்களுக்குப் பாடமாகியிருக்கிறது. ஹெரால்ட் லோ என்னும் ஆய்வாளரும் அவரது குழுவினரும் 1970இல் டன்சினன், ஹரோ ஆகிய தேயிலைத் தோட்டங்களைச் சேர்ந்த 480 ஆண் தொழிலாளர்களின் வாயைப் பரிசோதிக்கத் தொடங்கி, 1985 வரை பலமுறை வந்து அளந்து சென்றார்கள். பற்சிகிச்சையே கிடைத்திராதவர்கள் என்பதனாலேயே இவர்கள் தெரிவு செய்யப்பட்டார்கள். எவரும் கைவைக்காமல் விட்டால் முரசு நோய் எப்படி வளரும் என்பதை அறிவதே ஆய்வின் நோக்கம். 1986இல் வெளியான முடிவின்படி, நூற்றுக்கு 8 பேரிடம் நோய் வேகமாக முற்றியது. அவர்களுக்கு 45 வயதாகும்போது வாயில் ஒரு பல்லும் மிஞ்சவில்லை. நூற்றுக்கு 81 பேரிடம் அது மிதமாக முற்றியது. நூற்றுக்கு 11 பேருக்கு மாத்திரமே முரசு வீக்கத்தோடு நின்றது. ஆய்வைக் குறைகூற நான் இதை எழுதவில்லை. அந்த அறிவு உலகத்துக்குப் பயன்பட்டது. அதைத் தந்தவர்களின் பேரப்பிள்ளைகளுக்கும் பயன்பட வேண்டும் என்பதே என் ஆதங்கம்.

என் தாயார் நாற்பது ஆண்டுகள் கொழுந்து பறித்தவர். வெற்றிலை, பாக்கு, சுண்ணாம்பு, புகையிலை நான்கும் மடியில் இல்லாமல் மலைக்குப் போகமாட்டார். கீழ் முன்பற்கள் ஆடத் தொடங்கியபோது, ஒருநாள் பேரை (நாட்சம்பளத்தை) இழந்து நகரத்து வைத்தியசாலை ஒன்றுக்கு அவரை அழைத்துச் சென்றேன். பல்லில் இறுகிப் படிந்திருந்த காரையைச் சுரண்டியபோது புளியங்கொட்டைத் தோலின் நிறத்தில், நெல்மணி அளவான துண்டுகள் கிண்ணத்தில் விழுந்தன. பல்தான் உடைகிறது என்று பயந்து அம்மா இரு கைகளாலும் வாயைப் பொத்திக்கொண்டார். வைத்தியர் சிங்களத்தில் பொறுமையாகத்தான் விளக்கினார், அம்மாவுக்குப் புரியவில்லை. வெளியே நீண்ட வரிசை காத்திருந்தது. அதன்பின் அவர் எந்தப் பல் வைத்தியரிடமும் போகவில்லை. கடைசிக் காலத்தில் ரொட்டியைத் தேத்தண்ணீரில் ஊறவைத்துத்தான் சாப்பிட்டார்.

சுத்தம் செய்தால் பல் ஆடிவிடும் என்ற நம்பிக்கை தோட்டங்களில் இன்றும் உண்டு. பல்லில் படியும் அழுக்கு, உமிழ்நீரிலுள்ள சுண்ணாம்புச் சத்தால் இறுகிக் காரையாகிறது என்பதும், இறுகிய பின் பிரஷ்ஷால் அதை அகற்ற முடியாது என்பதும், பல்லைத் தாங்கும் எலும்பு கரைவதாலேயே பல் ஆடுகிறது என்பதும் தமிழில் ஐந்து நிமிடத்தில் சொல்லிவிடக்கூடியவை. அதைச் சொல்வதற்கும் காரையை எடுப்பதற்குமென்றே பயிற்றப்பட்டவர்தான் ‘டெண்டல் ஹைஜீனிஸ்ட்’ எனப்படும் பற்சுகாதாரப் பணியாளர். அமெரிக்காவின் கனெக்டிகட் மாநிலத்தில் அல்பிரட் போன்ஸ் என்ற பல் வைத்தியர் 1906இல் தம் உதவியாளர் ஐரீன் நியூமனுக்கு இவ்வேலையைக் கற்பித்தார். 1917இல் அந்தப் பெண்மணிக்கு அனுமதிப்பத்திரமும் கிடைத்தது. நூறு ஆண்டுகளுக்கு மேலாகியும், நான் சென்ற எந்தத் தோட்டப்புற வைத்தியசாலையிலும் அப்பதவியில் ஒருவரைக் கண்டதில்லை. பாடசாலைப் பற்சிகிச்சையாளர்கள் இருக்கிறார்கள், நன்றாகவும் பணியாற்றுகிறார்கள். ஆனால் அவர்களுடைய கவனிப்பு பிள்ளைகளுக்கு உரியது. பாடசாலையை விட்டு மலைக்கு ஏறும் இளைஞனின் வாயை அதன்பிறகு பார்ப்பவர் யார்?

அனுமதிப்பத்திரம் இல்லாமல் இவ்வேலையை எவருக்கும் கொடுக்கக்கூடாது என்பதையும் அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். முரசுக்குக் கீழே செல்லும் கருவி இரத்தத்தைத் தொடுவது. சரியாகக் கிருமிநீக்கம் செய்யாவிட்டால் ஒருவரின் ஈரல் அழற்சி இன்னொருவருக்குப் போய்ச்சேரும். நீரிழிவு, இதயவால்வு நோய் உள்ளவர்களிடம் தனிக் கவனம் வேண்டும். பாக்கு, புகையிலை சேராவிட்டாலும் புற்றுநோயை உண்டாக்கும் என்று சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு முகவரகம் 2004இல் அறிவித்துள்ள நிலையில், வாயில் வெண்படலமோ ஆறாத புண்ணோ தென்பட்டால் தாமதியாமல் வைத்தியரிடம் அனுப்பவும் தெரிந்திருக்க வேண்டும். எதைச் செய்யலாம், எங்கே நிறுத்த வேண்டும் என்பதை எழுத்தில் வரையறுத்து, பல் வைத்தியர்களைப் போலவே இவர்களையும் இலங்கை மருத்துவ சபையில் பதிவு செய்வதே பாதுகாப்பான வழி.

உயர்தரத்தில் உயிரியல் படித்துவிட்டுக் கொழும்புக் கடைகளில் வேலைக்கு நிற்கும் நம் பிள்ளைகளைச் சுகாதார அமைச்சு இப்பணிக்குத் தெரிவு செய்து, தமிழிலேயே பயிற்சியளித்து, தோட்ட டிஸ்பென்சரிகளுக்கு நியமிக்க வேண்டும். மாலையில் கொழுந்தை எடைபோட்ட பிறகு பார்க்கும்படி நேரம் ஒதுக்கினால் எவருக்கும் பேர் போகாது.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆசிரியை,
பூண்டுலோயா.